ஈபி பெட்டிக்குக் கீழே ஒரு செடி: கைபேசியில் செடி, பறவை, பூச்சிகளை அடையாளம் காண்பது எப்படி?

எங்கள் தெருமுனையில் ஈபி பெட்டிக்குக் கீழே, சிமென்ட் உடைந்த இடுக்கில் ஒரு செடி வளர்ந்திருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு நாள் மத்தியானம் அதை ஒரே ஒரு படம் எடுத்து, மூன்று செயலிகளில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் மூன்று பெயர் சொல்லின. அதில் ஒன்று, இந்தப் பக்கமே வளராத ஏதோ ஒரு குளிர்நாட்டுச் செடி. பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா எட்டிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு நேரம் குனிஞ்சிட்டிருக்கீங்க? குப்பைமேனி தம்பி அது. எங்க ஊர்ல பூனைவணங்கின்னும் சொல்வாங்க" என்றார்.

அக்கா சொன்னதுதான் சரி. ஆனால் மறுநாள் காலையில் அதே செடியை நான்கு கோணங்களில் எடுத்துப் போட்டபோது, மூன்று செயலிகளும் ஒரே பெயரைச் சொல்லின: அகாலிஃபா இண்டிகா. குப்பைமேனியின் அறிவியல் பெயர் அதுதான். முதல் நாள் நான் காட்டியது வெயிலில் வெளுத்துப்போன ஒரு இலைக்கொத்து. மறுநாள் காட்டியதில் தண்டோடு ஒட்டியிருந்த, ஓரம் பல்பல்லாக இருக்கும் கிண்ணம் போன்ற பூவடிச் செதில்கள் தெளிவாகத் தெரிந்தன. குப்பைமேனியைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கிண்ணங்கள்தான்.

இந்தச் செயலிகளைப் புதிதாகப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் என் முதல் நாள் அனுபவத்தோடு நின்றுவிடுகிறார்கள். "அது தப்புத் தப்பா சொல்லுது" என்று அழித்துவிடுகிறார்கள், அல்லது தவறான பெயரையே நம்பி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், எங்கே நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

செயலிக்கு எப்படித் தெரிகிறது?

குழந்தைக்குக் காக்காவை யாரும் விளக்கம் சொல்லிக் கற்றுக்கொடுப்பதில்லை. மொட்டைமாடியில் சோறு வைக்கும்போது "அதோ காக்கா" என்று காட்டுகிறோம். மறுநாளும் காட்டுகிறோம். பல தடவை பார்த்த பிறகு பறக்கும் காக்கை, மழையில் நனைந்த காக்கை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும் காக்கை எல்லாமே காக்கைதான் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. அடையாளம் காணும் செயலிகளையும் ஏறக்குறைய இப்படித்தான் பழக்குகிறார்கள். பெயர் தெரிந்த படங்களை லட்சக்கணக்கில் கணினிக்குக் காட்டுகிறார்கள். இலை ஓரத்தின் வெட்டு, நரம்பு ஓடும் விதம், இறக்கையில் புள்ளி இருக்கும் இடம் போன்றவற்றை அதுவே பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு நாம் புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், தனக்குத் தெரிந்த ஒவ்வொரு பெயரோடும் அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கிய பெயரை மேலே வைத்து ஒரு பட்டியல் தருகிறது.

அதாவது, அது தருவது யூகம். நல்ல யூகமாக இருக்கலாம், பல நேரம் வியக்கவைக்கும் அளவுக்குச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் தனக்குத் தெரிந்த பெயர்களுக்குள் இருந்துதான் அது பதில் சொல்ல முடியும். நீங்கள் காட்டும் செடி அது பழகாத செடியாக இருந்தால், பழகியவற்றில் எதன் ஜாடை கொஞ்சம் ஒட்டுகிறதோ அந்தப் பெயரை எடுத்துவைத்துவிடும். கல்யாண வீட்டில் யாரையோ பார்த்து, "நீ நம்ம காஞ்சிபுரம் பெரியம்மா பேரன்தானே?" என்று கேட்கும் தாத்தாவைப் போல. முகஜாடை இருக்கும், ஆள் வேறாக இருப்பார்.

பழக்கிய படங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் முக்கியம். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவை மிக அதிகம். அங்கே புல்தரையில் முளைக்கும் களைக்குக் குவியலாகப் படங்கள் இருக்கும். நம்மூர் ஏரிக்கரைச் செடி சிலவற்றுக்குச் சொற்பமே இருக்கும். என் முதல் படத்துக்குக் குளிர்நாட்டுப் பெயர் வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். இதைச் சரிக்கட்ட நல்ல செயலிகள் படம் எடுத்த இடத்தையும் கணக்கில் எடுக்கின்றன. சென்னையில் எடுத்தது என்று தெரிந்தால், இந்தச் சுற்றுவட்டாரத்தில் பதிவாகியிருக்கும் உயிர்களை முன்னால் கொண்டுவரும். ஆகவே கேமராவுக்கு இடம் அறியும் அனுமதியைக் கொடுத்து வையுங்கள். சித்தப்பா வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படத்தை அப்படியே போட்டால் இந்த உதவி கிடைக்காது. வாட்ஸ்ஆப் வழியாக வரும் படத்தில் எடுத்த இடம், நேரம் பற்றிய விவரங்கள் போய்விடும். அவரிடம் ஊரைக் கேட்டு நீங்களே குறிக்க வேண்டும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. செயலி பெரும்பாலும் அறிவியல் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் தரும். தமிழ்ப் பெயர் சிலவற்றுக்கு மட்டும் இருக்கும். அறிவியல் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். பள்ளியில் படித்ததுதான்: முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1753-ல் செடிகளுக்கு முறையாக வைக்கத் தொடங்கிய ஏற்பாடு இது. ஊர்ப்பெயர் ஊருக்கு ஊர் மாறும். மயில்கொன்றை என்றால் சிலருக்கு வேலியோரச் சிறு செடி, சிலருக்கு மே மாதத்தில் தெருவையே சிவப்பாக்கும் குல்மோகர் மரம். இரண்டும் வேறு வேறு. அறிவியல் பெயரைக் குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். கூடவே ஊர்ப்பெயரையும் எழுதி வையுங்கள் என்பேன். இஸ்திரி அக்கா சொன்ன "பூனைவணங்கி" எனக்கு எந்தச் செயலியிலும் கிடைக்கவில்லை. அந்தச் செடியின் வேரைத் தேடிப் பூனைகள் வருவதால் அப்படி ஒரு பெயர்.

எதை வைத்துக்கொள்ளலாம்?

நான்கைந்து செயலிகளை அடைக்க வேண்டாம். செடி, பூச்சி, சிலந்தி, தவளை, நண்டு என எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டுமென்றால் ஐநேச்சுரலிஸ்ட். 2008-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் முதுநிலைப் படிப்பின் இறுதித் திட்டமாகத் தொடங்கியது. 2023 முதல் லாப நோக்கமில்லாத தனி அமைப்பாக இயங்குகிறது. இதன் பலம் கணினியின் யூகத்தோடு நிற்காததில் இருக்கிறது. நீங்கள் பதிவேற்றிய படத்தை மற்ற பயனர்கள் பார்த்துப் பெயரை உறுதிசெய்வார்கள், அல்லது திருத்துவார்கள். அவர்களில் ஆர்வலர்களும் உண்டு, அந்தத் துறையிலேயே ஆராய்ச்சி செய்பவர்களும் உண்டு.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதே குழுவின் சீக் என்ற செயலியைப் போட்டுக்கொடுங்கள். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, படம் எங்கும் பகிரப்படுவதில்லை, இணையம் இல்லாமலும் வேலை செய்யும். கேமராவைச் செடியின் மேல் காட்டினால், "செடி", "பூக்கும் செடி", "இந்தக் குடும்பம்", "இந்தப் பேரினம்" என்று படிப்படியாக இறங்கி வருவதைத் திரையிலேயே பார்க்கலாம். கொஞ்சம் நகர்த்தினால் ஒரு படி இறங்கும், கை ஆடினால் மேலே ஏறிவிடும். எந்தப் பகுதியைக் காட்டினால் அது தெளிவடைகிறது என்பது இதில் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும் என்பதால், பெரியவர்களும் இதில் தொடங்குவது நல்லது.

செடிக்கு மட்டும் என்றால் பிரான்சின் ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பிளான்ட்நெட் இருக்கிறது. நீங்கள் காட்டுவது இலையா, பூவா, காயா, பட்டையா என்று அது கேட்கும். கூகுள் லென்ஸ் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பதால் கைக்கு எளிது. ஆனால் அது இணையம் முழுக்கத் தேடி ஒத்த படத்தைக் காட்டும் பொதுக் கருவி. அதை முதல் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பறவைக்கு மெர்லின். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-ல் வெளியிட்டது. 2021-ல் அதில் குரலைக் கேட்டுப் பறவையைச் சொல்லும் வசதி வந்தது. நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையில் ஒருமுறை இறக்கிக்கொண்டால், வெளியே இணையம் இல்லாமலே இயங்கும். இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் கீழே சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் பறவையைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம்.

படம் எடுக்கும் விதம்

எல்லா விஷயமும் இங்கேதான் இருக்கிறது. செயலியை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தை இதில் செலவிட்டால் பலன் பல மடங்கு.

முதலில் வெளிச்சம். நம்மூர் மத்தியான வெயில் பச்சையை வெளுக்கவைத்துவிடும், நரம்பு தெரியாது. காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் எடுத்தால் படம் நன்றாக வரும், உங்கள் தலையும் தப்பிக்கும். வேறு வழியில்லாமல் வெயிலில் எடுத்தால், உங்கள் நிழல் செடி மேல் முழுவதுமாக விழும்படி நின்றுகொள்ளுங்கள். பாதி நிழல், பாதி வெயிலாக இருப்பதுதான் மிக மோசம். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் காற்றில் இலை ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கையால் தண்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டு எடுக்கலாம். கேமரா பின்னணியில் இருக்கும் சுவரைத் தெளிவாக்கிவிட்டு இலையை மங்கலாக விட்டுவிடுகிறது என்றால், இலைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உடனே சரியாகிவிடும்.

அப்புறம், ஒரு படம் போதாது. செடி முழுவதும் தெரியும்படி ஒன்று. ஒரு இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்று தெரியும்படி ஒன்று. பூ இருந்தால் முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. காய் இருந்தால் அதை விடவே விடாதீர்கள். மரமாக இருந்தால் பட்டையையும் கீழே விழுந்திருக்கும் பூ, நெற்று ஆகியவற்றையும் எடுங்கள். உயரத்தில் இருப்பதைப் பறிக்க வேண்டிய தேவையே இல்லை. இவை அனைத்தையும் ஒரே பதிவில் சேர்த்துப் போட வேண்டும். தனித்தனிப் பதிவாகப் போட்டால், பார்ப்பவருக்கு இது ஒரே செடி என்பது தெரியாது.

நேரத்துக்கு நேரம் முகம் மாறும் செடிகளும் உண்டு. பூவரசம்பூ காலையில் இளமஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டோடு இருக்கும், வாடும்போது செந்நிறமாகிவிடும். மஞ்சள் பூவை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் வேறு மரம் போலத் தோன்றும். ஒரே கிளையில் இரண்டு நிறமும் தெரிய எடுத்துவிட்டால் அந்தப் படமே அடையாளம். தூங்குமூஞ்சி மரம் சாயங்காலத்தில் இலையை மடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எடுத்த இலைப்படத்தை வைத்து அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் "இந்த மரம் சாயங்காலம் இலையை மூடுகிறது" என்று குறிப்பில் எழுதினால், பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

பூச்சிகளை எடுக்கும்போது வெயிலுக்கு எதிர்த் திசையிலிருந்து மெதுவாக நெருங்குங்கள், உங்கள் நிழல் அதன் மேல் விழுந்தால் பறந்துவிடும். தூரத்திலிருந்தே முதல் படத்தை எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு அடியாக நெருங்கலாம். நெருங்குவதற்குள் பறந்துவிட்டாலும் கையில் ஒரு படம் இருக்கும்.

பழகுவதற்கு ஒரு நல்ல வழி சொல்கிறேன். பெயர்ப்பலகை மாட்டிய மரங்கள் இருக்கும் பூங்காவுக்குப் போங்கள். பலகையைப் பார்க்காமல் மரத்தை எடுத்துச் செயலியிடம் கேளுங்கள், பிறகு பலகையைப் பாருங்கள். எந்தப் படத்துக்குச் சரியாகச் சொன்னது, எதற்குத் தடுமாறியது என்று பத்து மரத்துக்குள் உங்களுக்கே ஒரு கை வந்துவிடும்.

காதால் பார்ப்பது

குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் வசதி மந்திரம் போலத் தோன்றினாலும், உள்ளே நடப்பது படம் பார்க்கும் வேலைதான். ஒலியை மெர்லின் ஒரு வரைபடமாக மாற்றுகிறது: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக ஒலியின் உயரம். குயில் படிப்படியாக ஏற்றிக் கூவுவது அதில் மேலேறும் கோடுகளாகத் தெரியும். செம்மார்புக் குக்குறுவான் "டொக், டொக், டொக்" என்று ஒரே சீராகத் தட்டுவது, ஒரே உயரத்தில் வரிசையாக வைத்த புள்ளிகளாகத் தெரியும். இந்தக் கோலத்தைத்தான் செயலி படித்து ஒப்பிடுகிறது. பதிவு செய்யும்போது அந்தக் கோலம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டால் உங்கள் காதும் சேர்ந்து பழகும்.

ஆட்டோ ஹாரனும் ஜெனரேட்டரும் ஓடத் தொடங்கிய பிறகு இதைச் செய்து பயனில்லை. விடிந்தவுடன் மொட்டைமாடிக்குப் போங்கள். போனை அசைக்காமல் பறவை இருக்கும் திசையில் பிடியுங்கள், சட்டைப்பையில் வைக்காதீர்கள். திரையில் ஒரு பெயர் ஒரே ஒரு முறை மின்னி மறைந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பறவையைக் கண்ணாலும் தேடுங்கள். குரலை மட்டும் வைத்து முடிவுசெய்து பட்டியலில் ஏற்றுவதை நான் ஏற்பதில்லை. மரத்தில் அணில் விடாமல் கத்துவதைப் பறவை என்று நினைத்துத் தேடிய மனிதர்களே எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அக்டோபர் வாக்கில் இந்த வசதிக்கு ஒரு சிறப்பான வேலை உண்டு. வடக்கே இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க ஆறுமணிக்குருவி தெற்கே வரும். கிண்டி போன்ற மரம் அடர்ந்த இடங்களில் இறங்கி, காய்ந்த சருகைக் கிளறி இரை தேடும். பச்சை, நீலம், சிவப்பு என்று அத்தனை நிறம் இருந்தும் நிழலில் அது கண்ணுக்குச் சிக்காது. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு அசையில் சீழ்க்கையடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். சென்னையில் பலர் அதை முதலில் அறிந்துகொள்வது காதால்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். செயலியில் இருக்கும் பதிவு செய்யப்பட்ட குரலைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது. தன் இடத்துக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டது என்று நினைத்து, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அது பதறிப் பறக்கும். நமக்கு ஒரு படம் கிடைப்பதற்காக அதற்கு அந்த அலைச்சல் வேண்டாம். இருட்டில் ஆந்தையின் முகத்துக்கு நேராக ஃப்ளாஷ் அடிப்பதும் இதே ரகம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிடவும் குஞ்சு பொரிக்கவும் நம் கடற்கரையைத் தேடி வரும் காலத்தில், இரவில் மணலில் போன் விளக்கைப் போடவே கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும். கடலுக்குப் போக வேண்டியவை ரோட்டுப் பக்கம் வந்துவிடும்.

மேலே இருக்கும் பெயர் சரியான பெயரா?

வேளச்சேரிப் பக்கம் காலி மனைகளில் எருக்கு நிறைய. அங்கே ஆரஞ்சு நிறத்தில், இறக்கை நுனி கறுத்து, அதில் வெள்ளைப் பட்டையோடு மெதுவாகப் பறக்கும் ஒரு பட்டாம்பூச்சியை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெந்தய வரியன். அதன் புழு எருக்கு இலையைத் தின்று வளர்வதால் உடலில் நஞ்சு ஏறியிருக்கும், பறவைகள் அதைத் தொடாது. இந்தப் பாதுகாப்பைத் தானும் அனுபவிக்க, வேறொரு பட்டாம்பூச்சி இனத்தின் பெண் அச்சு அசலாக இதே வேடம் போட்டுக்கொள்கிறது. ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆணுக்கு இந்த வேடமே கிடையாது. அது கறுப்பில் பெரிய வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். பறவைகளை ஏமாற்றும் அந்த வேடம் செயலியையும் ஏமாற்றக்கூடும். நாம் பார்க்க வேண்டியது பின்னிறக்கை: வெந்தய வரியனுக்கு அதன் நடுப்பகுதியில் மூன்று நான்கு கரும்புள்ளிகள், வேடதாரிக்கு மேல் ஓரத்தில் ஒன்றே ஒன்று.

ஆகவே பெயர் வந்தவுடன் உடனே அழுத்தி ஏற்காமல், அந்தப் பெயரைத் திறந்து உள்ளே போங்கள். மற்றவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். ஆண், பெண், குஞ்சு எல்லாம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஆண்குயில் கறுப்பு, பெண்குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. இது தெரியாததால் பெண்குயிலை ஏதோ வெளியூர்ப் பறவை என்று நினைப்பவர்கள் அதிகம். பிறகு வரைபடத்தைப் பாருங்கள்: சென்னைப் பக்கம் அது பதிவாகியிருக்கிறதா? எந்த மாதங்களில்? கடைசியாக, பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருக்கும் பெயர்களையும் திறந்து, "இது ஏன் அதுவாக இருக்கக் கூடாது?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். "ஏதோ ஒரு துத்தி", "ஏதோ ஒரு தேன்சிட்டு" என்பது முழுமையான பதில்தான்.

எங்கே செயலியைக் கேட்கவே கூடாது

மஞ்சள்காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். ஆனால் கீழாநெல்லியின் பேரினத்தில், இலைக்காம்புக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்கும் சிறு செடிகள் பல இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய தாவரவியலாளர்களே பூவையும் விதையையும் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். போன் படம் அதற்குப் போதாது. கீரையானாலும் மூலிகையானாலும் மழைக்கு முளைத்த காளானானாலும், செயலி சொன்ன பெயரை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள். குன்றிமணி, தங்க அரளி விதை, ஊமத்தை எல்லாம் நகரத்தின் வேலியோரங்களிலேயே கிடைக்கின்றன, எல்லாமே கொடிய நஞ்சு. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை உண்ணும் கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. மஞ்சள்காமாலைக்கு முதலில் போக வேண்டிய இடம் மருத்துவரிடம்.

அடுத்தது பாம்பு. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஏறும்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் பாம்பு மேட்டைத் தேடி வீட்டுப்படிக்கு வரும். கையில் போன் இருக்கிறது, செயலி இருக்கிறது, ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். கட்டுவிரியனும் நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனும் கருநிற உடம்பில் வெள்ளைப் பட்டைகளோடு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். கட்டுவிரியனுக்குப் பட்டைகள் வால் பக்கம் தெளிவாகவும் தலைப் பக்கம் மங்கலாகவும் இருக்கும், மற்றதற்கு அப்படியே தலைகீழ். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், பயத்தில் எடுத்த ஆடிப்போன படத்தில் இது தெரியாது. கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு, அது கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது என்பதுதான் ஆபத்து. தள்ளி நின்று, அது போகும் திசையை மட்டும் கவனித்துக்கொண்டு, வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள்.

கடித்துவிட்டால் பாம்பைத் தேடிப் படம் எடுப்பதில் ஒரு நிமிடம்கூட வீணாக்க வேண்டாம். 108-ஐ அழைத்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இந்தியாவில் கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. மருத்துவர் உடம்பில் தெரியும் அறிகுறிகளைப் பார்த்து முடிவுசெய்வார். அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருவதில் பெரும்பங்கு நம் பக்கத்தில், வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துடையது. பாம்பை அடையாளம் காண்பதில் இருளர்களின் கண்ணுக்கு நிகரான செயலி இன்னும் வரவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தச் சமூகத்தின் இரண்டு பாம்பு பிடிப்பவர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது மனம் நிறைந்தது.

பதிவேற்றினால் என்ன ஆகிறது?

ஐநேச்சுரலிஸ்டில் உங்கள் பதிவுக்குப் படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே சிற்றினத்தில் ஒத்துப்போனால், அது ஆய்வுத் தரம் என்ற நிலையை அடைகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த உரிமம் அனுமதித்தால், அங்கிருந்து ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்துக்குப் போய், ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் தகவலாகிறது. உங்கள் தெருச் செடியின் பதிவு, பிற்பாடு அந்தச் செடியை நம்மூரில் அடையாளம் காணச் செயலியைப் பழக்கவும் உதவும். முன்னால் சொன்ன படப் பற்றாக்குறை இப்படித்தான் தீர வேண்டும்.

ஒரு விஷயத்தில் நேர்மை தேவை. தொட்டிச் செம்பருத்தியையும் மாநகராட்சி நட்ட சாலையோர மரத்தையும் பதிவேற்றும்போது "வளர்க்கப்பட்டது" என்று குறித்துவிடுங்கள். தானாக வளரும் உயிர்களின் வரைபடத்தில் நம் பால்கனி போய் உட்கார்ந்துவிடக் கூடாது. வீட்டு வாசலில் எடுக்கும் படங்களுக்குச் சரியான இடத்தை மறைக்கும் வசதியும் உண்டு, பயன்படுத்துங்கள். அழியும் நிலையில் உள்ள உயிர்களுக்குச் செயலியே இடத்தை மங்கலாக்கிவிடும்.

பறவைகளை எண்ணிப் பட்டியலிட 2002-ல் தொடங்கிய ஈபேர்ட் இருக்கிறது. கால் மணி நேரம் நின்று பார்த்தவற்றை எண்ணி ஏற்றினால் போதும். ஜனவரியில் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதில்தான் பதிவாகிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலம் அந்த நேரத்தில் பூநாரையும் நாமக்கோழியும் வாத்துகளுமாக நிறைந்திருக்கும். முதல் பட்டியலுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. உங்கள் மொட்டைமாடியும் குறைந்ததில்லை.

ஈபி பெட்டிச் செடியின் பதிவு ஆய்வுத் தரம் அடைந்ததை இஸ்திரி அக்காவிடம் காட்டினேன். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "அதை விடுங்க தம்பி. காலையில ஆரம்பிச்சா டொக் டொக்னு ஒண்ணு விடாம தட்டிட்டே இருக்கே, அது எதுன்னு உங்க போனு சொல்லுமா?" என்று கேட்டார். மெர்லினைத் திறந்து மேலே நீட்டினேன். அரை நிமிடத்தில் செம்மார்புக் குக்குறுவானின் ஆங்கிலப் பெயர் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. சரி, கண்ணாலும் பார்த்துவிடுவோம் என்று இருவரும் அண்ணாந்து தேடினோம். அது தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவதால் சத்தம் ஒவ்வொரு முறையும் வேறு திசையிலிருந்து வருவது போல இருந்தது. கடைசியில் மொட்டைக் கிளையின் உச்சியில், வெயில் பட்டுக்கொண்டு, குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சை உருண்டை. நெற்றியில் குங்குமம் வைத்தது போலச் சிவப்பு. வாயைத் திறக்காமலே தொண்டையை உப்பி உப்பித் தட்டிக்கொண்டிருந்தது.

அக்கா பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தனூண்டா! பின்னாடித் தெருவுல யாரோ பாத்திரம் தட்டுறாங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."